அழுகிய முட்டை நாற்றத்துக்குள் ஹைட்ரஜன்!

உங்களுக்குத் தெரியுமா?

கழிவுநீர் கலக்கும்போது கொரட்டூர் ஏரிக்கரையில் மூக்கைப் பொத்த வைக்கிறதே அழுகிய முட்டை நாற்றம், அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிரிகள் உண்டாக்குவது.

இதே நச்சு வாயு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் உருவாகிறது. டீசலில் இருக்கும் கந்தகத்தை நீக்க ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். இரண்டும் சேர்ந்தால் இந்த வாயுதான். இதிலிருந்து கந்தகத்தை மீட்கும் கிளாஸ் முறை 1883-லேயே காப்புரிமை பெற்றது. ஆனால், அரும்பாடுபட்டுத் தயாரித்த ஹைட்ரஜன் அதில் வெறும் தண்ணீராகிப் போகிறது.

இந்த வாயுவை மின்சாரத்தால் பிளக்கும் மின்வினையூக்கி முறையில் இரண்டுமே கைக்கு வரும்: 34 கிலோ வாயுவில் 32 கிலோ கந்தகம், 2 கிலோ ஹைட்ரஜன். தண்ணீரைப் பிளக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். இந்த வாயுவைப் பிளக்கக் கொள்கையளவில் 0.17 வோல்ட்டே போதும்! பிரியும் கந்தகம் மின்முனைமேல் படிந்து வினையை முடக்குவதுதான் பெரிய தடை. அதைத் தாங்கும் வினையூக்கிகளை விஞ்ஞானிகள் உருவாக்கி வருகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை: செறிவு கூடினால் இந்த வாயு மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று நம்பி, கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள்.