படுத்தா போச்சு... ஓடினாத்தான் உயிர்! பழைய கார்கள் வருஷம் பூரா ஊர்வலம் போவது ஏன்?

சென்னை:

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெரினா பக்கமோ, கிழக்கு கடற்கரை சாலை பக்கமோ போகிறவர்கள் சில சமயம் இந்த காட்சியை பார்த்திருக்கலாம். வரிசையாக பழைய கார்கள். ஆஸ்டின், மோரிஸ் மைனர், செவர்லே, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அந்தக்கால அம்பாசிடர், பியட் என்று நம்ம தாத்தா காலத்தில் "பிளஷர்" என்று சொன்ன வண்டிகள். ஒன்றன் பின் ஒன்றாக நூல் பிடித்த மாதிரி போகும்.

பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் செல்போனை எடுத்து படம் பிடிப்பார்கள். "பெட்ரோல் விக்கிற விலையில இது தேவையா? எல்லாம் பணம் இருக்கிறவங்க பொழுதுபோக்கு" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு.

பொழுதுபோக்கு என்பது உண்மைதான். ஆனால் அது பாதி கதை. இந்த ஊர்வலம் நின்றுபோனால் அந்த கார்கள் சில வருஷத்தில் இரும்புக்கடைக்கு போய்விடும். அவற்றை பிரித்து மாட்ட தெரிந்த தொழிலும் கூடவே போய்விடும்.

நிறுத்தினால் நோய்

எந்த வண்டியையும் மாசக்கணக்கில் நிறுத்தினால் கெட்டுப்போகும். பழைய கார் என்றால் கேட்கவே வேண்டாம். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் நாளாக நாளாக பிசின் மாதிரி ஆகி கார்பரேட்டர் ஓட்டைகளை அடைக்கும். பேட்டரி இறங்கும். பிரேக் சிலிண்டரில் இருக்கும் ரப்பர் இறுகி, பெடலை மிதித்தால் சக்கரம் பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் எண்ணெய் ஒழுகும். ஒரே இடத்தில் நின்ற டயர் அடிப்பக்கம் தட்டையாகி, ஓட்டும்போது "தடக் தடக்" என்று அடிக்கும்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் உப்புக்காற்று வேறு. கதவுக்கு அடியிலும், தரை தகட்டிலும் துரு பிடித்தால் வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். உள்ளே அப்பளம் மாதிரி நொறுங்கும்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான். வண்டியை வெளியே எடுத்து ஓட்ட வேண்டும். ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து 2 நிமிஷத்தில் அணைப்பது போதாது. அப்படி செய்தால் என்ஜினுக்குள் ஈரம்தான் சேரும். நன்றாக சூடு ஏறி, ஆயில் எல்லா இடத்துக்கும் போகிற அளவுக்கு 20, 30 கிலோ மீட்டராவது ஓட வேண்டும். இதற்காகத்தான் கார் கிளப்புகள் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு காரணம் சொல்லி வண்டிகளை வெளியே இழுக்கின்றன.

கூட்டமாக போவது ஏன்?

தனியாக எடுத்துப்போனால் நடுரோட்டில் நின்றுவிடும் என்ற பயம்தான் முதல் காரணம். பழைய கார்களில் பாதி வண்டிக்கு இன்றைய கடைகளில் உதிரி பாகம் கிடைக்காது. கூட்டமாக போனால் ஒருத்தரிடம் பேன் பெல்ட் இருக்கும், ஒருத்தரிடம் சி.பி. பாயிண்ட் இருக்கும், இன்னொருத்தரிடம் இழுத்துப்போக கயிறு இருக்கும். கடைசி வண்டியில் மெக்கானிக் வருவார்.

விடியற்காலையிலேயே கிளம்புவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் என்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது, வண்டி நின்றுவிடும். அம்பாசிடர், பியட் டாக்சி ஓட்டிய பழைய டிரைவர்களுக்கு இது நன்றாக தெரியும். ஈரத்துணியை பம்ப் மேல் சுற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி மறுபடி கிளம்பும்.

இந்த வண்டிகளை ஓட்டுவதும் லேசு இல்லை. பவர் ஸ்டியரிங் கிடையாது. ரொம்ப பழைய வண்டிகளில் கியர் மாற்ற டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். பிரேக் உடனே பிடிக்காது. அதனால்தான் 40, 50 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் பெரும்பாலும் போக மாட்டார்கள். முன்னால் போகும் பழைய காரை முந்தி குறுக்கே வெட்டும் பைக்காரர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

12 மாச கணக்கு

பொங்கல் முடிந்ததும் சீசன் ஆரம்பம். ஜனவரி, பிப்ரவரியில் காற்று குளிர்ச்சியாக இருக்கும். பெரிய அணிவகுப்பு, கண்காட்சி, மாமல்லபுரம், புதுச்சேரி என்று நீண்ட பயணத்துக்கு இதுதான் தோதான நேரம். கண்காட்சிகளில் பரிசும் உண்டு. பளபளப்பு மட்டும் இருந்தால் பரிசு கிடைக்காது. கம்பெனியில் இருந்து வந்தபடியே என்ஜின், விளக்கு, மீட்டர், சீட் துணி வரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மார்ச் பிறந்தால் பயண தூரம் குறையும். அக்னி நட்சத்திரத்தில் விடியலில் ஒரு சின்ன சுற்று, எங்காவது இட்லி, காபி, 8 மணிக்குள் வீடு. ஆகஸ்டில் சுதந்திர தினமும், 22-ந்தேதி மெட்ராஸ் தினமும் வரும். பழைய ஊரை கொண்டாடும் அந்த வாரத்தில் பழைய காருக்கும் மவுசு கூடும்.

ஆயுத பூஜைக்கு இந்த வண்டிகளும் சந்தனம், குங்குமம், மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி ஒரு சுற்று வரும். அதன் பிறகு வடகிழக்கு பருவமழை. தேங்கிய தண்ணீரில் பழைய காரை இறக்க யாரும் துணிய மாட்டார்கள். டிசம்பர் வரை ஷெட் வேலைதான். கிளப் ஆட்கள் ஒருத்தர் வீட்டு ஷெட்டில் கூடி, பிரித்த என்ஜினை சுற்றி நின்று பேசுவதும் ஒரு சந்திப்புதான். யாரிடம் என்ன பாகம் உபரியாக இருக்கிறது, எந்த லேத்தில் நல்லா கடைகிறார்கள் என்ற தகவல் எல்லாம் இங்கேதான் கைமாறும்.

சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இப்படி அணிவகுப்புகள் நடத்துகிறது. கோவையில் ஊர்வலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவினாசி சாலையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் மியூசியத்தில் பழைய கார்களை பார்க்கலாம்.

லண்டனில் ஆரம்பித்த கதை

இந்த பழக்கத்துக்கு வயசு அதிகம. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காருக்கு முன்னால் ஒரு ஆள் நடந்துபோக வேண்டும் என்று சட்டம் இருந்தது. வேக வரம்பு மணிக்கு 4 மைல். 1896-ல் அந்த கட்டுப்பாடு நீங்கி வரம்பு 14 மைல் ஆனது. அந்த சந்தோஷத்தில் 1896 நவம்பர் 14-ந்தேதி லண்டனில் இருந்து பிரைட்டன் ஊருக்கு கார்களில் ஊர்வலம் போனார்கள்.

அதை நினைவுகூர்ந்து 1927-ல் மறுபடி ஓட்டினார்கள். உலகப்போர் காலம் போன்ற சில வருஷங்கள் தவிர, நவம்பர் மாதம் அது நடந்து வருகிறது. 1905-க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. தூரம் சுமார் 96 கிலோ மீட்டர். வழியில் நிற்கும் வண்டிகளும் உண்டு. ஊர் போய் சேருவதே அங்கு வெற்றி. நம் நாட்டில் டெல்லியில் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1964-ல் பழைய கார் பந்தய அணிவகுப்பை ஆரம்பித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்கு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் உருவத்தில் இருக்க வேண்டும். வர்த்தக பயன்பாட்டு வண்டியாக இருக்கக்கூடாது. புதிதாக பதிவு செய்ய கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 வருஷம் செல்லும். அதன் பிறகு மறுபதிவுக்கு 5 ஆயிரம் ரூபாய். புது பதிவுக்கு நம்பர் பிளேட்டில் "வி.ஏ." என்ற எழுத்து வரும். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. இப்படி பதிவான வண்டியை தினமும் ஆபீசுக்கோ, மார்க்கெட்டுக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய கார் அணிவகுப்பு, அதற்கு போய் வருவது, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். அதாவது, கிளப் ஊர்வலம் இல்லாவிட்டால் அந்த வண்டிக்கு வெளியே வர வழியே குறைவு.

கைகள் குறைகின்றன

இன்னொரு கவலை பெட்ரோல். 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. பழைய என்ஜின்களின் வால்வுக்கு அந்த ஈயம்தான் மெத்தை மாதிரி இருந்தது. அதற்கு பதிலாக கடினமான வால்வு சீட்டை லேத்தில் கடைந்து மாட்டி சமாளித்தார்கள். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய், கார்க் வாஷரை அரிக்கும். டேங்கில் பெட்ரோல் தேங்கவிடாமல் ஓட்டுவது முன்பைவிட அவசியம் ஆகிவிட்டது.

இதை எல்லாம் சரி செய்வது கம்ப்யூட்டர் வைத்து பார்க்கும் ஷோரூம் மெக்கானிக் இல்லை. சத்தத்தை கேட்டே எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்லும் பட்டறை மெக்கானிக், தகட்டை தட்டியே வளைவு கொண்டுவரும் டிங்கர், குஷன் தைப்பவர், டைனமோ சுற்றும் எலக்ட்ரீசியன், புதுப்பேட்டை கடைகளில் தேடி பாகம் எடுத்து தருபவர். இவர்களில் பலருக்கு வயசாகிவிட்டது. 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. வண்டி ரோட்டுக்கு வந்தால்தான் இவர்களுக்கு வேலை வரும். வேலை வந்தால்தான் பக்கத்தில் ஸ்பேனர் பிடித்து நிற்கும் பையனுக்கு தொழில் பழகும்.

உங்க வீட்டு புல்லட்டும் சேர்த்திதான்!

50 வருஷ விதி காருக்கு மட்டும் இல்லை, இருசக்கர வாகனத்துக்கும் உண்டு. தாத்தா ஓட்டிய புல்லட், ஜாவா, லாம்பிரட்டா எங்காவது திண்ணை ஓரம் சாக்கு போட்டு மூடிக்கிடந்தால், எடைக்கு போடும் முன் ஆர்.சி. புத்தகத்தை தேடுங்கள். முதல் பதிவு தேதியை பாருங்கள். காகிதம் சரியாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு பதிவு செய்ய வழி இருக்கிறது. துரு பிடித்தது என்று மேலே பெயிண்ட் அடித்து, வேறு என்ஜின் மாட்டி உருவத்தை மாற்றிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.