காஸ் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் கூரைக்குப் போகாது, நிலத்தோடு பரவும். தகரக் கொட்டில்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் அடுத்த வீட்டு விறகடுப்பே அதற்குப் போதும்.

மூக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். காஸுக்கு இயல்பில் மணமில்லை. நாம் முகர்வது அதில் கலக்கப்படும் மருந்தின் நாற்றம். 2021 கடைசியில் நம் நாட்டில் பல வீடுகளில் காஸ் வெடித்தது. விசாரித்த ஜனாதிபதி குழு, காஸின் கலவை மாற்றப்பட்டதையே முக்கிய காரணமாகச் சொன்னது. புரோப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருள் அமுக்கம் கூடும். அதுவரை தாங்கிய தேய்ந்த வாசர் அப்போது கசியும்.

ஆகவே சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். பக்கத்து நெருப்பையெல்லாம் அணையுங்கள். அடுப்பின் திருகுகளை மூடி, றெகுலேற்றரை மட்டும் திறந்து, நுரைத்த சவர்க்காரத் தண்ணீரைத் துணியால் பூசுங்கள். குமிழி வளரும் இடமே கசியும் இடம். முதலில் றெகுலேற்றர் உட்காரும் வாய், பிறகு குழாயின் இரு முனைகள். குழாயின் அடிப்பக்கத்தை மறக்க வேண்டாம். வெடிப்பும் எலிக்கடியும் அங்கேதான் மறைந்திருக்கும். முனையில் குமிழி வந்தால், குழாயைக் குறை சொல்லுமுன் கிளிப்பைப் பாருங்கள். வாவிக்கரை உப்புக்காற்றில் அது துருப்பிடித்துத் தளர்ந்திருக்கலாம். வெடித்த குழாய்க்கு ரேப் சுற்றிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

தீக்குச்சி உரசிக் கசிவு தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

றெகுலேற்றரைக் கழற்றிய பின்னும் சிலிண்டரின் வாயில் குமிழி வந்தால் நீங்கள் திருத்த முயல வேண்டாம். மூடியைப் போட்டு, நிமிர்த்தியபடியே வெட்டவெளியில் வைத்து, விற்றவருக்குச் சொல்லுங்கள். இரவில் நாற்றம் வந்தால் சுவிற்சைத் தொடாமல் கதவைத் திறந்து, பிள்ளைகளோடு முதலில் வெளியே வாருங்கள்.