பூமியைச் சுமந்த சைக்கிள்

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில், கரிசல் பூமியில், குருவிகுளம். வெயிலுக்குப் பயந்து அங்கே ஒரு சைக்கிள் கடையில் ஒதுங்கினேன். சுவரில் சாத்தியிருந்த பழைய அட்லஸ் வண்டியின் நெற்றியில், பூமி உருண்டையைத் தோளில் தாங்கும் மனிதர் இன்னும் அழியாமல் நின்றார்.

"இதிலேதான் தம்பி, குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். செஞ்ச கம்பெனியை மூடிட்டாகளாமே, நெசமா?" என்றார், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கடைக்காரர்.

"மூடினோம் என்று அவர்கள் சொல்லவில்லை, அண்ணாச்சி. அங்கேதான் விஷயமே இருக்கிறது!" என்றேன்.

1951-ல், இன்று ஹரியானாவில் உள்ள சோனிபட்டில், ஜானகிதாஸ் கபூர் தகரக் கொட்டகையில் ஆரம்பித்த ஸ்தாபனம் அட்லஸ். முதல் வருஷத்தில் தயாரானவை 12,000 சைக்கிள்கள். பிறகு கடல் கடந்தும் அதன் வண்டிகள் ஓடின.

காலப்போக்கில் பண நெருக்கடி வந்தது. மத்தியப் பிரதேசத்து மாலன்பூர் ஆலை 2014-லும், தாய்வீடான சோனிபட் ஆலை 2018-லும் மூடப்பட்டன. மிஞ்சியது டில்லியை அடுத்த சாஹிபாபாத் ஆலை ஒன்றுதான். 2020 ஜூன் 3-ந் தேதி காலை வேலைக்கு வந்தவர்களை ஒரு நோட்டீஸ் வரவேற்றது. மூலப்பொருள் வாங்கக்கூடப் பணம் இல்லையாம், ஆகவே 'லே-ஆஃப்'! நானூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் திகைத்து நின்றார்கள். அன்றைய விசேஷம் என்ன தெரியுமா? ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த உலக சைக்கிள் தினம்!

லே-ஆஃப் என்றால் டிஸ்மிஸ் அல்ல. அப்போது அமலில் இருந்த 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டப்படி, அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். ஆனால் வேலை நாள்தோறும் ஆலைக்கு வந்து ஆஜர் கொடுக்க வேண்டும். வராத நாளுக்கு அந்தப் பாதியும் கிடையாது. வேலையும் இல்லை, விடுதலையும் இல்லை!

சைக்கிளுக்கு மவுசு போய்விட்டதா? அதுதான் இல்லை. பஸ்ஸில் ஏறப் பயந்த ஜனங்கள், அதே 2020-ல், உலகமெங்கும் சைக்கிள் தேடி அலைந்தார்கள். பல நாடுகளில் கடைகள் காலியாயின. இங்கே நம் ராஜ்யத்தில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசாங்கமே சைக்கிள் வழங்குகிறது. வாங்க ஆள் இருந்தும் ஆலை நின்றது. இரும்புக் குழாய் வாங்க முதல் இல்லாமல்!

எல்லாவற்றையும் கேட்ட அண்ணாச்சி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டிக்குக் கேரண்டி குடுத்தாக தம்பி. அதைச் செஞ்ச கைக்கு யாரும் குடுக்கலியே!" என்றார்.