செல்லுக்குள் ஒரு கால்சிய வாசல்

கால்சியம் என்றதும் எலும்பும் பல்லும் பாலும்தான் நினைவுக்கு வரும். செல்லுக்குள் அதற்கு வேறொரு வேலை: செய்தி சொல்வது. செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் அடர்த்தியில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான் உள்ளே, சைட்டோபிளாசத்தில் உலவுகிறது. மிச்சத்தைச் செல் ஓயாமல் வெளியேற்றுகிறது. அல்லது எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற உட்கிடங்கில் அடைத்து வைக்கிறது. உள்ளே இவ்வளவு குறைவாக இருப்பதால்தான், கொஞ்சம் கால்சியம் கசிந்தாலும் அது ‘பெருகு’, ‘நகர்’, ‘செத்துப் போ’ என்ற கட்டளையாகிவிடுகிறது.

கிடங்கில் இருப்பு குறைந்தால் ஸ்டிம்1 என்ற புரதம் அதை உணர்ந்து, செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் ஓராய்1 என்ற வாசலைத் திறக்கிறது. மாடித் தொட்டியில் நீர் இறங்கியதும் மிதவை தாழ்ந்து குழாய் திறக்கிறதே, அதே ஏற்பாடுதான். இவ்விரண்டின் பணியும் தெரியவந்ததே 2005, 2006-இல்தான்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடங்கிவைப்பது கால்சியம் அல்ல, ஹெச்.பி.வி. வைரஸ். ஆனால் வந்த நோய் பரவ இந்த வாசல் துணைபோகிறது. தைவானின் தைனான் நகர ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கநிலைக் கட்டிகளில் 71 விழுக்காட்டில் ஸ்டிம்1 அளவுக்கு மீறி இருந்தது. உள்ளே பாயும் கால்சியம் கால்பெயின் என்ற நொதியைத் தூண்ட, செல் தன் பிடிமானங்களைக் கழற்றிக்கொண்டு நகர்கிறது. எலிகளில் ஸ்டிம்1-ஐ முடக்கியபோது கட்டியின் வளர்ச்சியும், அதற்கு இரத்தம் கொண்டுவரும் புதுக் குழாய்களும் குறைந்தன.

அப்படியானால் வாசலை அடைத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். நோயோடு போராடும் டி செல்களுக்கும் இதே வாசல்தான் வேண்டும். ஓராய்1 பழுதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பாற்றல் மிக மோசமாகக் குன்றிவிடுகிறது. எதிர்வழியும் உண்டு: தாப்ஸியா செடியிலிருந்து கிடைக்கும் தாப்ஸிகார்ஜின், கிடங்கை நிரப்பும் பம்பை அடைத்து, கால்சியத்தின் சமநிலையைக் குலைத்தே செல்லைக் கொல்லும். ஆனால் அது நல்ல செல், கெட்ட செல் என்று பார்ப்பதில்லை. புற்றுநோய்ச் செல்லை மட்டும் குறிவைக்கும் வழி கிடைக்கும்வரை இது ஆய்வகச் சங்கதிதான் என்பது என் கணிப்பு.

இன்றைய சிகிச்சை அறுவையும், கதிர்வீச்சும், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும்தான். இதைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதித் தந்த கால்சியம் மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம்; செல்லின் வாசலைத் திறப்பதும் மூடுவதும் அந்த மாத்திரை அல்ல. வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள், 30 வயதைத் தாண்டிய பெண்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.