பல்லின் வேருக்குள் ஒரு பார்வை

தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைக்குச் சென்றவர்கள் இராம தீர்த்தத்தைக் கண்டிருப்பார்கள். உயர்ந்த பாறையின் இடுக்கிலிருந்து நீர் விழுகிறது. விழும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. மலைக்குள் எத்தனை பிளவுகளின் வழியே அது வந்தது என்பது தெரிவதில்லை. நம் வாயிலும் இத்தகைய பாறைகள் உண்டு. அவையே கடைவாய்ப் பற்கள்.

பல்லின் நடுவே பற்கூழ் என்னும் மெல்லிய பகுதி இருக்கிறது. நரம்பும் இரத்தக் குழாய்களும் அதில் அடங்கும். அக்கூழ் வேரின் நுனிவரை இறங்கும் வழியே வேர்க்குழாய். சொத்தை ஆழ்ந்து கூழ் அழுகினால், குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்துப் பல்லைக் காப்பாற்றலாம். ஆனால் ஒரு குழாய் கண்ணிற்படாமல் விடுபட்டாலும் கிருமிகள் அங்கே தங்கிவிடும். பின்னர் வேர்நுனியிற் சீழ் கட்டக்கூடும். பணமும் போயிற்று, பல்லும் போயிற்று என்று நோயாளி வருந்தினால் அவரைக் குறை கூற முடியுமா?

குழாய்கள் எத்தனை? மேல்தாடையின் முதற் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள். வேருக்கு ஒன்றாக மூன்று குழாய்கள் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் கன்னப்புறத்து முன்வேரில் இரண்டாவது குழாய் ஒன்று பலருக்கு ஒளிந்திருக்கிறது. கீழ்த்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லிலோ, குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து பிறைபோல் வளைந்திருப்பதும் உண்டு.

சூரிச் நகரத்து வால்டர் ஹெஸ் என்பவர் பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்திக் கெட்டியாக்கி, பல்லை அமிலத்திற் கரைத்து, எஞ்சிய அச்சுகளை ஆராய்ந்து 1917-இல் வெளியிட்டார். மரத்தின் வேர்களைப்போல் அவை கிளைத்திருந்தன. அரிய வேலைதான், ஆனால் வலியோடு வந்து எதிரே அமர்ந்திருப்பவரின் பல்லை அமிலத்திற் கரைக்க இயலாதே!

உயிருள்ள பல்லுக்கு எக்ஸ்ரே துணை வந்தது. ராண்ட்ஜன் அக்கதிரை 1895-இல் கண்டறிந்தார். மறு ஆண்டே ஜெர்மானியரான ஒட்டோ வால்க்ஹோஃப் தம் பற்களையே படமெடுத்தார். அதற்கு 25 நிமிடம் அசையாமலிருந்தாராம்! இப்படத்திலும் ஒரு குறையுண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு பனைமரங்கள் நேரே பார்ப்பவருக்கு ஒன்றாகவே தோன்றும். சற்று விலகி நின்றால் இரண்டும் தெரியும். ஆகவே வைத்தியர்கள் எக்ஸ்ரே குழலைச் சாய்த்து மற்றொரு படம் எடுப்பார்கள்.

1990-களின் இறுதியில் கூம்புக்கற்றை சி.டி. கருவி பல் வைத்தியத்திற்கு வந்தது. கூம்பு வடிவான கதிர்க்கற்றை தலையைச் சுற்றி வருகிறது. பல கோணங்களிற் கிடைத்த படங்களைக் கணிப்பொறி ஒன்றுசேர்க்கிறது. பின்னர் வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக அரிவதுபோல், பல்லை எந்த மட்டத்திலும் குறுக்கே வெட்டித் திரையிற் பார்க்கலாம். ஒவ்வொரு குழாயும் ஒரு கரும்புள்ளி.

இதன் பயனைச் சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து 2011-இல் வெளியான ஓர் அறிக்கை காட்டுகிறது. மேல்தாடை முதற் கடைவாய்ப் பல் ஒன்றில் எட்டுக் குழாய்கள் இருந்ததை இக்கருவி உறுதிப்படுத்தியது. மூன்றோடு நிறுத்தியிருந்தால் ஐந்து விடுபட்டிருக்கும்!

அதற்காக எல்லோருக்கும் இப்படம் எடுக்கவேண்டுமென்று கொள்ளலாகாது. சாதாரணப் படத்தைவிட இதில் உடலிற் படும் கதிர் அதிகம், செலவும் அதிகம். முதலிற் சிறிய படம், பிறகு உருப்பெருக்கியின் துணையோடு கண்ணும் கையும். அதன்பின்னும் ஐயம் நீங்காதபோதுதான் இது.