வேலியோரப் பழம்... பார்த்துப் பறிங்க!

"டாக்டரய்யா, பசங்க மூணு பேரும் வாந்தி எடுத்துக்கினே இருக்குதுங்க. சீக்கிரம் வந்து பாருங்க!"

புரட்டாசி மாதம், காலாண்டுத் தேர்வு விடுமுறை. கும்மிடிப்பூண்டியில் என் வைத்தியசாலை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஏழிலிருந்து பத்து வயதுக்குள் மூன்று பிள்ளைகள். வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகை. கூட வந்த பாட்டியின் முந்தானையில் பாதி உடைந்த காய் ஒன்று இருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. காட்டாமணக்கு!

இது மருந்து அரைத்துக் கொடுத்துப் பார்க்கும் நேரம் இல்லை. உடனே 108-க்குப் போன் செய்து, அந்தக் காயையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்து, அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தேன். ராத்திரி முழுக்க சலைன் ஏறியது. மறுநாள் மூன்று பேரும் தெளிந்துவிட்டார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பார்க்கப் போன என்னிடம் அந்தப் பத்து வயதுப் பையன் கேட்டான்:

"டாக்டர் தாத்தா, நீங்கதானே ஸ்கூல்ல சொன்னீங்க... வேலியில இருக்கிற காய், பழம் எல்லாம் மருந்துன்னு?"

ஆமாம், நான்தான் சொன்னேன். அதற்கு முந்தின மாதம் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். களாக்காய், இலந்தை, சூரைப்பழம், காரைப்பழம் என்று என் சின்ன வயசுக் கதையை எல்லாம் அளந்துவிட்டு வந்தேன். கைதட்டினார்கள். ஆனால், ஒரு செடியைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. கதையைக் கொடுத்தேன், அடையாளத்தைக் கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது.

ஐந்தும் பார்த்தால்தான் பெயர்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது, மூலிகை பார்க்க எங்களைக் காட்டுக்கு அழைத்துப் போவார்கள். எங்கள் பேராசிரியர் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார். "இலை, முள், பூ, காய், கொட்டை... அஞ்சையும் பார்க்காம பேர் சொல்லாதே!" என்பார். வைத்தியனுக்கு மட்டுமில்லை, வேலியோரம் பழம் பறிக்கிற எல்லோருக்குமே இதுதான் சட்டம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் சிப்காட் வந்து, கம்பெனிகள் பெருகி, காலி நிலமெல்லாம் மனையாகிவிட்டாலும், ஏரிக்கரை மேட்டிலும் ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் புதர்க்காடுகளிலும் பழச்செடிகள் இன்னும் இருக்கின்றன. அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

இலந்தை: இலையின் மேல்பக்கம் பச்சை. திருப்பிப் பார்த்தால் வெளுத்து, பஞ்சு படிந்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு முள் நேராகவும் இன்னொன்று கொக்கி மாதிரி வளைந்தும் நிற்கும். காலம் தை, மாசி. பித்தத்தைத் தணிக்கும், குமட்டலை நிறுத்தும், பசியைத் தூண்டும். வைட்டமின் 'சி' நிறைய உண்டு.

களா: எதிரெதிராகத் தடித்த இலை, உறுதியான முள், மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ. காய் சிவந்து, பழுத்தால் கறுக்கும். காயைப் பறித்தால் பால் வடியும். 'பால் வந்தால் விஷம்' என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கணக்கு களாவிடம் செல்லாது. அதேபோல், 'பால் வரவில்லை, அதனால் நல்லது' என்பதும் தப்பு. காலம் சித்திரை கடைசியிலிருந்து ஆடி வரை. வாய்க்கசப்புக்கும் பசியின்மைக்கும் நல்லது.

சூரை: இலந்தைக்குத் தம்பி. கொடி மாதிரி படரும். கொக்கி முள் சட்டையைப் பிடித்தால் லேசில் விடாது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பழம். மார்கழி, தையில் கிடைக்கும்.

இவற்றைத் தொடாதீர்கள்

காட்டாமணக்கு: வேலிக்காக ஊர் ஊராக நட்டது. 2000-க்குப் பிறகு, டீசலுக்கு மாற்றாக எண்ணெய் எடுக்கலாம் என்று சொல்லி இன்னும் நிறைய நட்டார்கள். காயை உடைத்தால் உள்ளே கறுப்பு விதைகள். பருப்பு வேர்க்கடலை மாதிரி ருசிக்கும். அதுதான் ஆபத்து! பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள்.

உண்ணிச்செடி: சின்னச் சின்னப் பூ கொத்தாக, மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். காய் பச்சை, பழம் கறுப்பு. பச்சைக் காய் விஷம். பழத்தைத் தின்கிறவர்கள் உண்டு. ஆனால், குழந்தை காயையும் பழத்தையும் பிரித்துப் பார்க்குமா? வேண்டவே வேண்டாம்.

குன்றிமணி, ஊமத்தங்காய், அரளி விதை: மூன்றும் உயிருக்கே உலை வைப்பவை.

தவறித் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கை வைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். தின்ற காய் மிச்சம் இருந்தால் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஒரு சித்த மருத்துவனாகவே இதைச் சொல்கிறேன்.

இடமும் முக்கியம்

செடி சரியாக இருந்தாலும் நிற்கிற இடம் சரியாக இருக்க வேண்டுமே! கல்கத்தா நெடுஞ்சாலை ஓரத்திலும், ஆலை மதில் சுவரை ஒட்டியும், கழிவுநீர் ஓடும் கால்வாய்க் கரையிலும் காய்த்துத் தொங்குவதை நானே பார்க்கிறேன். நாக்கில் எச்சில் ஊறும். ஆனாலும் பறிக்காதீர்கள். கழுவினால் மேலே படிந்த தூசி போகும், மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறியது போகாது. ஈயம் போன்ற உலோகங்கள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். மருந்து அடிக்கிற மாந்தோப்பு வேலிக்கும் இதே எச்சரிக்கைதான். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. புதருக்குள் கை விடும் முன் கம்பால் தட்டுங்கள், காலில் செருப்பு இல்லாமல் போகாதீர்கள். விரியன் பாம்புக்கும் அதுதான் வீடு.

தை மாதத்தில் ஒரு நாள்

தப்பைத் திருத்த வேண்டாமா? அடுத்த தை மாதம், அந்த மூன்று பிள்ளைகளையும் தெருவில் இருந்த இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு, சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ஏரிக்கரைக்குப் போனேன். வழிகாட்ட ஒரு இருளர் பாட்டி வந்தார். எனக்கு ஐந்து வருடப் படிப்பு கற்றுக்கொடுத்ததை அவருக்கு அவர் அம்மா இடுப்பில் வைத்தே கற்றுக்கொடுத்திருக்கிறார்.

"பழத்தைப் பார்க்காதே கண்ணு, மொதல்ல முள்ளைப் பாரு" என்றார் பிள்ளைகளிடம். அப்புறம், "கிளையை முறிக்காதே. கீழ விழுந்தது நமக்கு, மேல இருக்கிறது குருவிக்கு" என்றார்.

கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்திருக்கும் வங்காளத்துப் பெண் ஒருத்தியும் தன் குழந்தையோடு வந்திருந்தாள். இலந்தையைப் பார்த்ததும் "குல்! குல்!" என்று முகமெல்லாம் சிரிப்பு. அவர்கள் ஊரில் சரஸ்வதி பூஜைக்கு முன் இந்தப் பழத்தைத் தொட மாட்டார்களாம். அங்கே அந்தப் பூஜை வருவது நம் தை, மாசியில்தான். பழம் நன்றாகப் பழுக்கிற காலம்! செங்காயாகத் தின்றால் வயிறு வலிக்கும், தொண்டை கட்டும். அதைத் தடுக்கப் பெரியவர்கள் சாமி பேரில் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

வீட்டிலேயே இலந்தை வடை

அன்று பொறுக்கி வந்த பழத்தில் என் மனைவி இலந்தை வடை போட்டாள். இது எங்கள் வீட்டுக் கணக்கு.

தேவையானவை: நன்றாகப் பழுத்த நாட்டு இலந்தை 1 கிலோ, வெல்லம் 150 கிராம், புளி எலுமிச்சை அளவு, மிளகாய் வற்றல் 8, உப்பு 2 தேக்கரண்டி, பெருங்காயம் சிறிது.

செய்முறை: ஒவ்வொரு பழத்தையும் பிட்டுப் பார்த்துப் புழு இருந்தால் ஒதுக்குங்கள். கழுவி, துடைத்து, ஒரு நாள் வெயிலில் வாட்டுங்கள். மிளகாய், உப்பு, பெருங்காயத்தை உரலில் முதலில் இடித்து, புளி, வெல்லம் சேருங்கள். பிறகு பழத்தைப் போட்டு, கொட்டை உடையாமல் பதமாக இடியுங்கள். கொட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கடைகளில் கொட்டையோடு இடிப்பார்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது தொண்டையில் சிக்கும். உருட்டி, வடையாகத் தட்டி, சுத்தமான துணியில் இட்டு மூன்று நான்கு நாள் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். ஈரம் போனதும் கண்ணாடி ஜாடியில் எடுத்து வையுங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்று போதும். பேருந்தில் போனால் குமட்டுகிறவர்கள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம். உப்பும் வெல்லமும் இருப்பதால் ரத்த அழுத்தக்காரர்களும் சர்க்கரை நோயாளிகளும் ருசி பார்ப்பதோடு நிறுத்துங்கள். வெயிலில் காயும்போது வைட்டமின் 'சி' குறைந்துவிடும். அதனால் பறித்த அன்றே கொஞ்சம் பழமாகவும் சாப்பிடுங்கள்.

களாக்காய் கிடைத்தால் இரண்டாகப் பிளந்து, விதை நீக்கி, உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூள் போட்டுத் தாளித்து இறக்குங்கள். மோர் சாதத்துக்கு மாங்காய் தோற்றுப்போகும்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் சிலர், "இனிமே வேலிப்பக்கமே போகக் கூடாது" என்று பிள்ளைகளுக்குத் தடை போட்டார்கள். எத்தனை நாளைக்கு முடியும்? பிள்ளை போகத்தான் போகும். தெரியாமல் போவதைவிடத் தெரிந்து போகட்டும். லீவு நாளில் ஒரு நாள், செடி தெரிந்த ஒரு பெரியவரோடு அழைத்துப் போங்கள். பழச்செடியைக் காட்டுவதற்கு முன்னால் விஷச்செடியைக் காட்டுங்கள்.

ஏரிக்கரையிலிருந்து திரும்பும்போது அந்தப் பத்து வயதுப் பையன் ஒரு வேலியோரம் நின்றுவிட்டான். வங்காளத்துக் குழந்தை காட்டாமணக்குக் காயை எட்டிப் பிடிக்கப் போனது. இவன் அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொன்னான்: "பாப்பா, அது வேணாம். நான் தின்னு பார்த்துட்டேன்!"