கார் ஏ.சி. குளிரவில்லையா? கேஸ் ஏற்றுமுன் விசிறியைப் பாருங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் சங்கக் குடும்பங்களில் பலர் காரிலேயே ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பெங்களூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போய், புத்தூரை அடுத்த நாராயணவனத்தில் கல்யாண வெங்கடேசுவரரைத் தரிசித்துவிட்டு, ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னை சேர்பவர்கள் உண்டு. பத்மாவதித் தாயாரின் திருமணம் நடந்த தலம் என்று போற்றப்படும் நாராயணவனம் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே பிரம்மோற்சவம் வைகாசி மாதத்தையொட்டி வருகிறது. கத்தரி வெயில் கொளுத்தும் நாட்களும் ஏறக்குறைய அவையே.

அந்த வெயிலில் கார் ஏ.சி. ஒரு விசித்திரமான தொல்லை கொடுப்பதுண்டு. நெடுஞ்சாலையில் ஓடும்வரை நன்றாகக் குளிரும். புத்தூர்க் கடைத்தெருவிலோ கோயில் அருகிலோ வண்டி ஊரத் தொடங்கியதும் அனல் காற்று வரும். மறுபடி வேகம் எடுத்தால் குளிர்ச்சி திரும்பிவிடும். உடனே நாம் சொல்வது, "கேஸ் குறைந்துவிட்டது, கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்" என்பதுதான். பல சமயம் இது அஜீரணக்காரருக்கு இன்னொரு இலை போட்ட கதையாகிவிடும். ஏனென்றால் இந்த அறிகுறி பெரும்பாலும் கேஸின் அழுத்தம் மிகுந்துவிட்டதைக் காட்டுகிறது.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. உள்ளே கூலிங் காயிலில் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொண்ட கேஸை கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு வெப்பம் இறங்கினால்தான் கேஸ் திரவமாகும். அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாக மீண்டும் கூலிங் காயிலுக்குப் போகும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. வெளியே 40 டிகிரி வெயில் என்றால், வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க கேஸ் அதைவிடச் சூடாக, சுமார் 60 டிகிரியில் இருக்க வேண்டும். பல கார்களில் உள்ள ஆர்-134ஏ என்ற கேஸுக்கு அந்தச் சூட்டில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 230 பவுண்டு. கண்டென்ஸர் மீது காற்று சரியாகப் படாமல் சூடு 80 டிகிரிக்கு ஏறினால், அழுத்தம் 365 பவுண்டைத் தொடும். இன்னும் ஏறி 400-க்கும் 450-க்கும் இடையில் போனால், பெரும்பாலான கார்களில் பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அப்போதுதான் நமக்கு அனல் காற்று.

புத்தூர் என்றதும் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியம் நினைவுக்கு வரும். பிசகிய இடத்தைத் தடவிப் பார்த்த பிறகே அங்கே கட்டுப் போடுவார்கள். ஏ.சி.க்கும் அதே முறைதான் நல்லது. பார்க்க வேண்டிய வரிசை இது:

1. விசிறி: இன்ஜின் ஓட, ஏ.சி.யைப் போட்டு, முன்னால் உள்ள விசிறி சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். ஃபியூஸ், ரிலே, மோட்டார் ஆகியவற்றில் ஒன்று பழுதானாலும் அது சுற்றாது. மெதுவாகச் சுற்றினாலும் போதாது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடுவதால், நின்றால்தான் குறை தெரிகிறது.

2. கண்டென்ஸரின் முகம்: பூச்சியும் தூசும் வைக்கோல் துரும்பும் அதன் மெல்லிய தகடுகளை அடைத்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, தகடு வளையாதபடி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலும் குப்பை சேரும்.

3. மிகுதியான கேஸ்: பல சிறிய கார்களுக்கு மொத்தமே அரைக் கிலோ அளவுதான். நூறு கிராம் கூடினாலே தொல்லை. பெரும்பாலும் பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் கேஸின் வகையும் எடையும் இருக்கும். மெக்கானிக் அதன்படி எடை போட்டு நிரப்புகிறாரா என்று கேளுங்கள்.

4. உள்ளே புகுந்த காற்று: வண்டியைச் சில மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, இன்ஜினை ஓட்டாமல் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். ஆர்-134ஏ என்றால் 30 டிகிரியில் சுமார் 97 பவுண்டும், 35 டிகிரியில் சுமார் 114 பவுண்டும் காட்டும். அதைவிட நன்றாகக் கூடியிருந்தால் காற்று கலந்திருக்கலாம். கேஸை மெஷினில் வாங்கிக்கொண்டு, வாக்குவம் போட்டு, புதிதாக நிரப்புவதே வழி.

5. அடைப்பு: கண்டென்ஸர், ட்ரையர், வால்வு ஆகியவற்றில் எங்காவது அடைத்திருக்கலாம். குழாயில் ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று குளிர்ந்தோ பனி பூத்தோ இருப்பது இதன் அடையாளம்.

ஒரு சுலபமான சோதனையும் உண்டு. இன்ஜினும் ஏ.சி.யும் ஓடும்போது, மெக்கானிக் கண்டென்ஸரின் மேல் மட்டும் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். அழுத்தம் சட்டென்று இறங்கிக் குளிர்ச்சி வந்தால், முதல் இரண்டு காரணங்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கேஸுக்குச் செலவு செய்யும் முன் இதைச் செய்யச் சொல்வது நம் உரிமை.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயமும் அடங்கியிருக்கிறது. பல கார்களில் ரேடியேட்டரைக் குளிர்விப்பதும் அதே விசிறிதான். ஆகவே ஏ.சி. மக்கர் செய்யும்போது இன்ஜின் சூடு காட்டும் முள்ளையும் கவனியுங்கள். முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிழலில் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. விசிறி தானாகவே சுற்றத் தொடங்கலாம். கையைக் கொண்டு போகாதீர்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் காரைவிட்டு இறக்கி நிழலில் உட்கார வையுங்கள். வெயிலில் நிற்கும் மூடிய காரின் உட்புறம் அரை மணி நேரத்துக்குள் வெளியைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும்.

கேஸ் குழாயை நாமே கழற்றிப் பார்ப்பதும் வேண்டாம். ஆர்-134ஏ வெளியே வந்ததும் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியில் கொதிப்பது; கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. புதிய கார்கள் பலவற்றில் உள்ள ஆர்-1234ஒய்.எஃப். லேசாகத் தீப்பற்றக்கூடியது, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

ஊருக்குப் புறப்படும் முன், வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தியபடி பத்து நிமிடம் ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிரவில்லை என்றால், அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.